பத்திரமாக வைக்கப்பட்ட அம்மா

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது சண்டைக்கு வந்தால் சௌகரியமாக இருக்கும்.

ஒரு திரைப்படச் சங்கத்தின் மாடியறையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். அடுத்தவர் துயரத்தைச் செய்தியாக்கிப் பிழைக்கும் பத்திரிகைக்காரன் ஒருவனைப் பற்றிய படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இந்தக் கதையைப் பாதியில் போட்டுவிட்டு அதைத் தேடிப் போய்விடுவீர்கள். அது என் கதையைவிட நல்ல படம்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வழக்கம்போல விவாதம். ஊடகங்களை ஆளாளுக்குத் துவைத்துக் காயப்போட்டார்கள். நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். அப்போது கடைசி வரிசையில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். தொலைக்காட்சியில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு இடம் ஒட்டல. அந்த ஆளுக்குத் தான் செய்யறது தப்புன்னு தெரியுது. எங்களுக்கெல்லாம் அது தெரியவே தெரியாதுங்க. அன்னிக்கு வேலை நல்லா நடந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்."

சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை. படியிறங்கிப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய் அவரிடம் பேசியிருக்கலாம். போகவில்லை. அவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே கீழே வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அவருக்கு இப்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது.

2

தொடங்கிப் பார்த்தவை:

"மெத்தைத் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய கரும்புகை நகரத்தின் மேல் ஒரு பெரிய" — நிறுத்திவிட்டேன். மனிதர்கள் எரிந்துகொண்டிருக்கும்போது புகை எதைப் போல இருந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. (வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் உவமை கிடைக்கவில்லை. அதுதான் உண்மை.)

"அவன் கெட்டவன் இல்லை." இப்படி ஆரம்பித்தால் அவன் கெட்டவன்தான் என்று நீங்கள் அந்த நிமிடமே முடிவுகட்டிவிடுவீர்கள். அடித்தேன்.

"வேலைக்குக் கிளம்பும் முன் அவன் தன் மகளுக்குத் தலை பின்னிவிட்டு" — இதையும் அடித்தேன். அவன் மேல் உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்பதற்காக ஒரு குழந்தையைப் பெற்றுக் கொடுத்திருந்தேன். நாலு வரி எழுதிவிட்டுப் பார்த்தால், அந்தப் பெண்ணை நான் எதற்குக் கொண்டுவந்தேனோ அதற்குத்தான் அவனும் மனிதர்களைக் கேமரா முன்னால் கொண்டுவருவான் என்று தோன்றியது. பின்னலோடு சேர்த்து அவளை அனுப்பிவிட்டேன்.

கடைசியில் இப்படி அமைந்தது:

3

மோப்பத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

மோப்பம் என்பது பட்டப்பெயர். சேனலில் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. கூட்டத்தில் எந்த முகம் செய்தியாகும் என்று அவனால் வாசலில் நின்றே சொல்லிவிட முடியும். நாற்பதைத் தாண்டியவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன சீப்பு வைத்திருப்பான். அது தனக்கில்லை, பேட்டி கொடுப்பவர்களுக்கு.

அன்று காலை வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தொழிற்சாலையில் தீப்பிடித்துவிட்டது. மெத்தைக்குள் வைக்கும் பஞ்சும் ரப்பர் நுரையும் அடுக்கி வைத்திருந்த கூடம். தீ ஆளை யோசிக்க விடவில்லை. மோப்பம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் எல்லாச் சேனல்களும் வந்திருந்தன. கேட்டைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் கதறினார்கள். ஒவ்வொரு கதறலுக்கும் முன்னால் நாலு மைக் இருந்தது. எல்லோருக்கும் கிடைப்பது யாருக்கும் செய்தியில்லை என்பது மோப்பத்துக்குத் தெரியும்.

அவன் கேட் பக்கம் போகவில்லை. பக்கவாட்டில் இருந்த சைக்கிள் நிறுத்தத்துக்குப் போனான். அங்கே ஓர் அம்மா தனியாக நின்றிருந்தார். அழவில்லை. ஒரு சைக்கிளின் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, அது எங்காவது கிளம்பிப் போய்விடுமோ என்பதுபோல நின்றிருந்தார்.

விசாரித்தான். ரெடிமேட் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவர். கணவர் இல்லை. ஒரே பையன். மெத்தை அழுத்தும் பிரிவில் வேலை. காயம்பட்டவர்களைச் சேர்த்திருந்த இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளின் பட்டியலிலும் பையனின் பெயர் இல்லை. இறந்தவர்களில் இருக்கிறானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சைக்கிள் இங்கேயே நிற்கிறது, அவன் வெளியே போகவில்லை என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, வெளியே போயிருந்தால் சைக்கிளை எடுக்க வருவான் இல்லையா, அதற்காகத்தான் இங்கேயே நிற்கிறேன் என்றார்.

கேமராமேனைத் திரும்பிப் பார்த்து மோப்பம் இலேசாகத் தலையசைத்தான். இவர்தான் என்று அர்த்தம்.

4

இங்கே ஒரு தொழில் விவரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

ஒரு துயரத்தில் ஒரு நல்ல முகம் கிடைத்துவிட்டால் அதை வாசலில் விட்டு வைக்கக் கூடாது. அடுத்த சேனல்காரன் வந்து அவனும் ஒரு பேட்டி எடுத்துவிடுவான். அதனால் ஆளைக் காதும் காதும் வைத்தாற்போல வண்டியில் ஏற்றி, ஒரு லாட்ஜில் அறை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். முக்கியச் செய்தி நேரத்தில் அங்கிருந்தே நேரலை. மோப்பத்தின் அலுவலகத்தில் இதற்குப் 'பத்திரப்படுத்துவது' என்று பெயர். நான் வைத்த பெயர்தான். ஆனால் வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

பத்திரப்படுத்தும்போது முதலில் வாங்க வேண்டியது ஆளின் ஃபோனை.

"நீங்க இங்க நின்னு ஒண்ணும் ஆகப் போறதில்லம்மா" என்றான் மோப்பம். "எல்லா ஆஸ்பத்திரியிலயும் எங்க ஆளுங்க இருக்காங்க. நாங்களே தேடிச் சொல்றோம். நீங்க வந்து செத்த நேரம் உக்காருங்க. உங்க மொகத்த டிவியில காட்டினா ஊரே சேந்து தேடும்."

அந்த அம்மா சைக்கிளைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துவதாக மோப்பம் சொன்னான். நிறுத்தவும் செய்தான், டிரைவரிடம் சொல்லி. பொய் சொன்னால்கூட அதில் ஒரு பங்கு உண்மை இருக்க வேண்டும் என்பது அவனுடைய கொள்கை.

லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஆணியடித்த கண்ணாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். ஃபோனைக் கேட்டதும் அவர் உடனே கொடுக்கவில்லை. பையனுக்குத் தன் நம்பர் மட்டும்தான் மனப்பாடம், வேறு எந்த நம்பரும் அவனுக்குத் தெரியாது என்றார்.

"அதுக்குத்தாம்மா கேக்கறேன். கண்டவனும் கூப்பிட்டு உங்களக் கலங்கடிப்பான். எங்கிட்ட இருக்கட்டும். உங்க பையன் கூப்பிட்டா அடுத்த செகண்டு உங்க காதுல வெக்கறேன்."

அவர் ஃபோனை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். அவன் அதன் சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் சீப்போடு போட்டுக்கொண்டான்.

(இந்த இடத்தில் அவன் மனதில் சூது எதுவும் இல்லை. என்னை நம்புங்கள். பையன் கூப்பிட்டிருந்தால் கொடுத்திருப்பான், கேமராவை ஓடவிட்டபடி.)

5

மத்தியானத்துக்குமேல் பையில் ஃபோன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். மோப்பம் துண்டித்தான். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தான். யார் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. சைக்கிள் நிறுத்தத்தில் தன்னை அடுத்த சேனல்காரன் பார்த்ததை அவனும் பார்த்திருந்தான். அந்த ஆள் வாசலில் நிற்கும் யாரோ ஒரு சொந்தக்காரனிடம் அம்மாவின் நம்பரை வாங்கியிருப்பான். அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

"யாராச்சும் கூப்பிட்டாங்களா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

விளம்பரக் கம்பெனிக்காரர்கள் என்றான்.

நாலைந்து முறை வந்த பிறகு அழைப்பு நின்றது. கொஞ்சம் பொறுத்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அம்மா போன் எடுங்க. உங்க மகன் எங்க ஆஸ்பத்திரில இருக்கார். உங்க கூட பேசணும்னு சொல்றார். நர்ஸ்.'

மோப்பம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

ஏன் சிரித்தான் என்று சொல்கிறேன். ஒரு தடவை, பாலம் இடிந்த வழக்கில், முக்கிய சாட்சியான ஒரு பெண்ணை அடுத்த சேனல் இதே போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. எந்த லாட்ஜ் என்று கண்டுபிடித்தும் உள்ளே நுழைய முடியவில்லை. மோப்பம் அந்தப் பெண்ணின் நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பினான். 'உங்கள் குழந்தை வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டது. உடனே வரவும். டீச்சர்.' அவள் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். வாசலில் மோப்பம் மைக்கோடு நின்றிருந்தான். சேனலில் அதைப் பற்றி இன்றைக்கும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கெல்லாம் அதைச் சொல்வார்கள்.

ஆகவே 'நர்ஸ்' என்ற கையெழுத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தன் சரக்கையே தனக்கு விற்க வருகிறார்கள் என்று தோன்றிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் கூப்பிட்டிருப்பீர்கள், நான் கூப்பிட்டிருப்பேன், தெருவில் போகிற யாரும் கூப்பிட்டிருப்பார்கள். உலகத்திலேயே அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் மட்டும்தான் அது பொய்யாகத் தெரியும்.

செய்தியை அழித்துவிட்டு, அம்மாவுக்கு டீ வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றார்.

6

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அம்மா பையனின் சின்ன வயதை நினைத்துப் பார்க்கும் இடம். நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் எடுத்தேன்.)

7

நேரலை பிரமாதமாக வந்தது. அழுகை எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது, எங்கே அடங்க வேண்டுமோ அங்கே அடங்கியது. என் பையன் எங்கே இருந்தாலும், யார் பார்த்திருந்தாலும், ஒரு ஃபோன் பண்ணுங்கள் என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கீழே ஒரு நம்பர் ஓடியது. அது அவருடைய நம்பர் இல்லை, சேனலுடைய நம்பர்.

செய்தி ஆசிரியர் ஃபோனில் கூப்பிட்டு, கலக்கிட்டே என்றார். இன்னும் ரெண்டு நாளைக்கு இது போதும் என்றார். பையன் கிடைத்துவிட்டால் என்று மோப்பம் இழுத்தபோது, கிடைக்காத வரைக்கும்தான் அவன் நம்ம பையன், கிடைத்துவிட்டால் எல்லாச் சேனலுக்கும் பையன் என்று சொல்லிச் சிரித்தார். கேமராமேன் நேரலை வேனை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனான். மோப்பம் வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

பையில் ஃபோன் அதிர்ந்தது. அதே நம்பர்.

இந்த முறை அவன் எடுத்தான். ஜெயித்தவனுக்குத் தோற்றவனைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்க ஆசை வரும் இல்லையா, அவ்வளவுதான்.

"என்ன சிஸ்டர், பாத்தீங்களா நம்ம நிகழ்ச்சிய?" என்றான் நக்கலாக.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் குரல், களைத்துப்போன குரல், நீங்கள் யார் என்று கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். ஏதோ ஓர் இரும்புக் கட்டிலை இழுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை எந்தச் சேனல்காரனாலும் ஏற்பாடு செய்ய முடியாது என்று அவனுடைய காது அவனுக்கு முன்னால் புரிந்துகொண்டது.

"அவங்க அம்மாகிட்ட குடுங்க" என்றார் அந்தப் பெண்.

அம்மா கொஞ்சம் படுத்திருக்கிறார், என்னிடம் சொல்லுங்கள் என்றான் மோப்பம். இதைச் சொல்லும்போது அவன் குரல் மாறிவிட்டிருந்தது.

நர்ஸ் சொன்னார். காலையில் யாரோ ஒரு சரக்கு வண்டிக்காரர் அந்தப் பையனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஊரின் மறுபக்கத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். எங்கிருந்து என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். பையனுக்கு நினைவு இருந்தது. ஒரு நம்பர் சொன்னான், ஒவ்வொரு எண்ணாக. வேலைக்கு நடுவே எத்தனையோ தடவை அடித்துப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வார்டு டிவியில் அம்மா வந்தார்.

"பாத்துக்கிட்டே இருந்தான். எங்கம்மா, எங்கம்மான்னு சொன்னான். எங்கம்மாகிட்ட சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்கன்னான். டிவியில கீழ ஒரு நம்பர் ஓடிச்சே, அதுக்கும் அடிச்சேன். லைனே கெடைக்கல."

இப்போதே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான் மோப்பம். வண்டி என்றான், இருபதே நிமிஷம் என்றான், படியை நோக்கி இரண்டு அடி நடந்தும்விட்டான்.

"பொறுமையாவே வாங்க" என்றார் நர்ஸ். "இனிமே அவசரம் இல்ல."

8

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நர்ஸின் அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். துக்கத்தில் இல்லை. சரியாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில். கண்ணாடியில் என் முகம் எனக்கே பிடிக்காத அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. வேலை நல்லா நடந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வந்து உட்கார்ந்து அந்த வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக, "சீக்கிரம் வாங்க, இருக்கான்" என்று நர்ஸைச் சொல்ல வைத்தேன். என்ன கஷ்டம்? ஒரு வரிதானே. மோப்பம் கதவைத் திறந்து அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினான். ஆட்டோ பறந்தது. சிக்னல்கள் எல்லாம் பச்சையாக விழுந்தன. அம்மா வார்டுக்குள் நுழைந்தார். கட்டுகளுக்கு நடுவே பையன் கண்ணைத் திறந்து

படித்துப் பார்த்தேன். ஏதோ இன்ஷூரன்ஸ் விளம்பரம்போல இருந்தது. இதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய வரியைத் திரும்ப எழுதினேன்.

அந்தப் பையன் முதல் தடவை கதைக்காகச் செத்தான். இரண்டாவது தடவை, பிழைத்திருந்தவனை, உங்களுக்காக நான் கொன்றேன். மோப்பம்கூட இதைச் செய்யவில்லை. அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தச் சினிமாவைப் பார்த்துவிட்டு நான் பேசிய நாலு வார்த்தைக்குக் கைதட்டியவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

9

மோப்பம் வராந்தாவிலேயே நின்றான். பழக்கதோஷத்தில் விரல் செய்தி ஆசிரியரின் நம்பரை அழுத்திவிட்டது. நடந்ததைச் சொன்னான். குறுஞ்செய்தியைப் பற்றிச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னான்.

செய்தி ஆசிரியரும் ஒரு மனிதர்தான். அடப்பாவமே என்றார். உண்மையாகவே என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றான்.

"சொல்லாத. வேன் திரும்பிக்கிட்டு இருக்கு. கேமரா வரட்டும்."

மோப்பம் ஃபோனை வைத்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சாத்திய கதவைப் பார்த்தான். மரக்கதவு, நீல பெயிண்ட், நடுவில் எண் போட்ட தகரம். தாழ்ப்பாள் உள்ளேதான் இருந்தது. அந்த அம்மா அதைப் போட்டிருக்கவில்லை.

10

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ) அவன் உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறான். இதை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் அவன் கதவைத் திறக்கும்போது அவனுக்குப் பின்னால் கேமரா வந்து நின்றுவிட்டது. நான் கூப்பிடவில்லை. அவன் ஒரு துயரத்துக்குள் நுழைந்தால் பின்னால் கேமரா வருவது அவன் நிழல் வருவது மாதிரி ஆகிவிட்டது, பிரிக்க என்னால் முடியவில்லை.

ஆ) அவன் ஃபோனைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறான். அந்தக் கதவுக்கு அடியில் ஃபோன் நுழையும் அளவுக்கு இடைவெளி வைக்கலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இ) அவன் வேலையை விட்டுவிடுகிறான். பல வருஷம் கழித்து ஒரு சினிமா விவாதத்தில் எழுந்து — இல்லை. அந்த மனிதரை நான் இதற்குள் இழுக்க மாட்டேன். அவரிடமிருந்து எடுத்ததே போதும்.

ஈ) அவனுடைய மனப்போராட்டம். இது இரண்டு பக்கம் வந்தது. வராந்தாவில் அவன் நடக்கிறான், நிற்கிறான், சுவரில் தலையைச் சாய்க்கிறான், தன்னையே கேட்டுக்கொள்கிறான். உருக்கமாக இருந்தது. இதுதான் சரியான முடிவு என்று தீர்மானித்து, என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

11

அவள் காயப்போட்ட துணிகளை மடித்துக்கொண்டே படித்தாள். ஒரு பக்கம் படிப்பாள், ஒரு சட்டையை மடிப்பாள். முடித்ததும் தாள்களைத் துணி அடுக்கின் மேலேயே வைத்தாள்.

"அவன் எப்படித் தவிச்சான்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. அந்தம்மா உள்ள என்ன பண்றாங்க?"

ஒன்றும் பண்ணவில்லை, காத்திருக்கிறார் என்றேன்.

"மத்தியானத்துலேருந்தா?"

ஆமாம் என்றேன்.

"தண்ணியாவது குடிச்சாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அவரை நாலாம் பகுதியில் அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். ஐந்தாம் பகுதியில் ஒரு டீயை வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். ஏழாம் பகுதியில் அழ வைத்தேன், கும்பிட வைத்தேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, மோப்பத்தின் மனசாட்சி என்ன ஆயிற்று, என் மனசாட்சி என்ன ஆயிற்று என்று நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்று அளந்துகொண்டிருந்தோம். அந்த அம்மாவைப் பத்திரப்படுத்தியது யார் என்று இப்போது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எழுந்துபோய் என் மேஜையில் உட்கார்ந்து, அந்த அறையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது என்று எழுதினேன். இந்தக் கதையில் அவருக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"ஏன், நீங்களே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

நான் சொன்னால் நன்றாகச் சொல்லிவிடுவேன். எந்த வார்த்தையில் அவருடைய முகம் உடைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

12

நிலவரம் இதுதான்.

வேன் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலைச் சாலையில் வண்டி நெரிசல். நான் அடுத்த வரியை எழுதாத வரைக்கும் அது அங்கேயே நிற்கும். அதற்குமேல் என்னால் தள்ளிப்போட முடியாது. மோப்பம் வராந்தாக் கோடியில் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். உங்களைத் தடுக்க மாட்டான், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். ஆஸ்பத்திரி ஊரின் மறுபக்கம். நர்ஸ் தன் நேரம் முடிந்தும் கிளம்பாமல் இருக்கிறார். சொந்தக்காரர் யாரும் வராமல் பையனைக் கீழே பிணவறைக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். உங்களிடம் கேமரா இல்லை. இந்தக் கதையில் கேமரா இல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு தூரம் ஏன் படித்துக்கொண்டு வந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம், இப்போது நேரமில்லை. போய் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொல்லுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை. ஆனால் இன்றைக்கே சொல்லுங்கள், வேன் வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் அங்கே போய்த் திகைத்துப்போவீர்கள். நீங்கள் கதவைத் தள்ளியதும் அந்த அம்மா எழுந்துகொள்வார். நீங்கள் யார் என்று கேட்க மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை விளக்குக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையால் தலையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தபடி கேட்பார்:

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"